'பேக்நெட் சப்போர்ட் உண்டு' என்று சொன்னால் எதுவரை நம்பலாம்?

மின் பராமரிப்பிலிருந்து பிஎம்எஸ் (கட்டட மேலாண்மை அமைப்பு) பக்கம் புதிதாக மாறியிருக்கும் ஒருவர் கேட்டது இது: "கூட்டத்தில் உட்கார்ந்தால் பேக்நெட், மோட்பஸ், ஆர்எஸ்-485, எம்எஸ்டிபி, கேட்வே, சாஃப்ட் பாயின்ட் என்று அடுக்குகிறார்கள். சில்லர் (ஏசிக்குக் குளிர்நீர் தரும் இயந்திரம்) விற்பவர் 'எங்கள் இயந்திரத்தில் பேக்நெட் சப்போர்ட் உண்டு' என்றார். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு பிஎம்எஸ் ஆட்கள் 'இதை இப்படியே இணைக்க முடியாது, கேட்வே போடணும்' என்கிறார்கள். யார் சொல்வது சரி? இந்தச் சொற்களில் எது எதோடு சேரும்? கடைசியில் எதுதான் நல்லது?"

இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், ஒரே மூச்சில் அடுக்கப்படும் இந்தச் சொற்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில, வயரைப் பற்றியவை. சில, பேக்நெட், மோட்பஸ் மாதிரி, அந்த வயரில் பேசும் மொழியைப் பற்றியவை. இன்னும் சில, பேசப்படுவதன் பொருளைப் பற்றியவை. தொலைபேசி இணைப்பு கிடைத்தது, இருவரும் தமிழில்தான் பேசுகிறார்கள், ஆனால் 'அந்தச் சாமானை அனுப்பு' என்றால் எந்தச் சாமான் என்று எதிர்முனைக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! பெயரளவில் 'பேக்நெட்' என்று சொல்வது முதல் இரண்டில் பாதியைத்தான் சொல்கிறது. மூன்றாவதை யாராவது உட்கார்ந்து தாளில் எழுதினால்தான் உண்டு.

ஆர்எஸ்-485 ஒரு புரோட்டோகால் (கருவிகள் பேசும் மொழி) அல்ல. இரண்டு வயர்களுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை வைத்து 0, 1 அனுப்பும் முறை, அவ்வளவுதான். அதன் மேல் மோட்பஸ் ஓடலாம், பேக்நெட் எம்எஸ்/டிபி ஓடலாம், ஒரு நிறுவனத்தின் சொந்த மொழியும் ஓடலாம். 'ரெண்டுலயும் ஆர்எஸ்-485 போர்ட் இருக்கு, அப்புறம் ஏன் பேச மாட்டேங்குது' என்ற கேள்விக்கு இதுவே பதில். அதே மாதிரி, ஒரு பேக்நெட் கருவி ஆர்எஸ்-485 வயரில் எம்எஸ்/டிபியாகவும், இன்னொன்று ஈதர்நெட்டில் பேக்நெட்/ஐபியாகவும் இருந்தால் நேரடியாகப் பேசாது. மொழி ஒன்று, வயர் வேறு. இடையில் வைக்க வேண்டியது ரவுட்டர். மொழியே வேறாக இருந்தால்தான் கேட்வே. பேச்சில் இரண்டையும் கலந்து 'கேட்வே' என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் விலையிலும் வேலையிலும் தலைவலியிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ரவுட்டர் செய்தியைத் தொடாமல் கடத்திவிடும். கேட்வேயில் ஒவ்வொரு பாயின்ட்டையும், அதாவது ஒவ்வொரு மதிப்பையும், யாரோ ஒருவர் கையால் பொருத்தியிருப்பார். அவர் பொருத்தியதுதான் வரும், பொருத்தாதது வராது. உங்கள் பிஎம்எஸ் ஆட்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, கீழிருந்து வருவோம். சென்சாருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் பெரும்பாலும் புரோட்டோகாலே கிடையாது. வெப்பநிலைக்குத் தெர்மிஸ்டர், அழுத்தத்துக்கு 4–20 மில்லி ஆம்பியர், வால்வுக்கு 0–10 வோல்ட், ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல ஒரு டிரை கான்டாக்ட். மின் பராமரிப்பில் இருந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 4 மில்லி ஆம்பியரில் ஏன் தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வயர் அறுந்தால் 0 வரும், அளவின் கீழ் எல்லையோ 4, ஆக, 'அழுத்தம் இல்லை' என்பதும் 'வயரே இல்லை' என்பதும் தனித்தனியாகத் தெரியும். 0–10 வோல்ட்டில் இந்த வசதி இல்லை.

இந்த வயர்கள் வந்து சேரும் இடம் டிடிசி (நேரடி டிஜிட்டல் கட்டுப்பாடு) கன்ட்ரோலர். அதில் வந்து முடியும் ஒவ்வொரு சிக்னலும் ஒரு பாயின்ட்: அனலாக் இன்புட், அனலாக் அவுட்புட், டிஜிட்டல் இன்புட், டிஜிட்டல் அவுட்புட். சுருக்கமாக ஏஐ, ஏஓ, டிஐ, டிஓ. பேக்நெட்காரர்கள் டிஜிட்டலை பைனரி என்பார்கள், அதனால் பிஐ, பிஓ, பொருள் ஒன்றே. இவை ஹார்டு பாயின்ட். செட்பாயின்ட் (நாம் வைக்கும் இலக்கு மதிப்பு), கணக்கிட்ட சராசரி, வயரில்லாமல் நெட்வொர்க் வழியாக வரும் மதிப்பு எல்லாம் சாஃப்ட் பாயின்ட். விலைப்புள்ளியில் 'இத்தனை பாயின்ட்' என்று எழுதியிருந்தால் அது ஹார்டு மட்டுமா, இரண்டும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு வரியில் நடக்கும் சண்டை கொஞ்சநஞ்சமல்ல. சில மென்பொருள்களுக்கு லைசென்ஸே பாயின்ட் எண்ணிக்கையை வைத்துத்தான்.

இனி அந்த இரண்டு வயருக்கு வருவோம். 'புரோட்டோகால் பிரச்சினை' என்ற பெயரில் வரும் புகார்களில் பல, வயர் புகார்களே. ஆர்எஸ்-485 ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் கிளை பிரியக் கூடாது, நட்சத்திர வடிவம் கூடாது. முறுக்கிய ஜோடி வயர். இரண்டு கடைசி முனைகளில் மட்டும் 120 ஓம் டெர்மினேஷன் (முனை மின்தடை). நடுவில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் டெர்மினேஷன் ஜம்பரைப் போட்டுவிட்டு 'சிக்னல் வீக்கா இருக்கு' என்று ரிப்பீட்டர் தேடுவதைப் பார்க்கலாம். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். வேகம் கூடினால் தூரம் குறையும். 32 கருவிகள் என்ற எல்லை உண்மையில் 32 'யூனிட் லோடு'. இன்றைய பல சிப்கள் அதில் எட்டில் ஒரு பங்கே எடுத்துக்கொள்வதால் எண்ணிக்கை கூடலாம். ஒரு தொல்லை: ஏ, பி என்று முனைகளுக்குப் பெயரிடுவதில் உற்பத்தியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒருவரின் ஏ இன்னொருவரின் பி. கூட்டல், கழித்தல் குறி போட்டிருந்தால் அதை நம்புங்கள்; எழுத்தை நம்ப வேண்டாம். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

மோட்பஸ் இந்தக் கூட்டத்தில் மூத்தது. 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள்) உருவாக்கியது. இன்றும் எனர்ஜி மீட்டர், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), ஜெனரேட்டர், யூபிஎஸ் எதை வாங்கினாலும் மோட்பஸ் இருக்கும். காரணம் எளிமை. ஒரு மாஸ்டர் கேட்கும், அடிமைக் கருவி பதில் சொல்லும். கேட்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. (2020-இல் மோட்பஸ் ஆர்கனைசேஷன் மாஸ்டர், ஸ்லேவ் என்ற பெயர்களைக் கைவிட்டு கிளையன்ட், சர்வர் என்று மாற்றிவிட்டது. கவனம்: கேட்பது கிளையன்ட், மீட்டர்தான் சர்வர். பழைய கையேட்டையும் புதிய கையேட்டையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.) வரிசை வயரில் ஓடுவது மோட்பஸ் ஆர்டியூ, முகவரி 1 முதல் 247 வரை. ஈதர்நெட்டில் மோட்பஸ் டிசிபி, போர்ட் 502.

மோட்பஸ்ஸுக்குத் தெரிந்த உலகம் நான்கு அட்டவணைகள்தாம்: காயில், டிஸ்கிரீட் இன்புட், இன்புட் ரெஜிஸ்டர், ஹோல்டிங் ரெஜிஸ்டர். ஒரு ரெஜிஸ்டர் என்பது 16 பிட், அதாவது 0 முதல் 65535 வரை ஓர் எண். அது வெப்பநிலையா, வோல்ட்டா, அலாரம் எண்ணா என்பதைப் பற்றி மோட்பஸ் ஒரு வார்த்தை சொல்லாது. பொருள் முழுவதும் உற்பத்தியாளரின் ரெஜிஸ்டர் மேப் என்ற காகிதத்தில் இருக்கிறது. காகிதம் இல்லையென்றால் வெறும் எண்கள் கொட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. அறையில் 23.5 டிகிரி. கருவி அதை 32 பிட் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) வைத்திருக்கிறது என்று கொள்வோம். 16 பிட் ரெஜிஸ்டரில் அடங்காது, எனவே இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து வரும்: முதலில் 16828, அடுத்து 0. சேர்த்துப் படித்தால் சரியாக 23.5. ஆனால் சில கருவிகள் இந்த இரண்டையும் மாற்றி அனுப்பும்: முதலில் 0, பிறகு 16828. உங்கள் பக்கத்து மென்பொருள் பழைய வரிசையிலேயே சேர்த்தால் கிடைப்பது சுழிக்கு மிக நெருங்கிய ஒரு நுண்ணிய எண், திரையில் 0.0 என்று தெரியும். சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றி மாற்றுவார்கள். மாற்றிய சென்சாரும் 0.0 காட்டும். 'வேர்டு ஸ்வாப்' என்ற ஒரு டிக் பெட்டியில் முடியும் விஷயம் இது.

இன்னொன்று, பத்தால் பெருக்கி அனுப்பும் பழக்கம். 23.5 என்பது 235 ஆக வரும். சரி, பத்தால் வகுத்தால் போதும். ஆனால் உறைநிலைக்குக் கீழே −5.0 என்றால்? −50 ஐக் குறியுள்ள எண்ணாகப் படிக்காமல் விட்டால் 65486 என்று வரும். பத்தால் வகுத்தால் 6548.6 டிகிரி. கோடையில் கமிஷனிங் செய்துவிட்டுப் போனால் இது முதல் குளிர் இரவில்தான் வெளியே வரும். கூடவே, முகவரியில் ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் பழைய வியாதி: கையேட்டில் 40001 என்று எழுதியிருக்கும் ஹோல்டிங் ரெஜிஸ்டர் வயரில் போகும்போது 0. சில கையேடுகள் வயரில் போகும் எண்ணையே எழுதும், சில எழுதாது. தெரிந்த மதிப்பு ஒன்றை, மீட்டர் திரையில் கண்ணால் பார்க்கக்கூடிய வோல்டேஜ் மாதிரி ஒன்றை, முதலில் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 9600 பாட் ரேட்டில், ஒரு பைட்டை அனுப்ப 11 பிட். 20 ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் கேட்டால் கேள்வி 8 பைட், பதில் 45 பைட். வயரில் ஓடும் நேரம் சுமார் 61 மில்லி விநாடி. அதையே ஒவ்வொன்றாக 20 முறை கேட்டால் ஒவ்வொரு முறையும் 8 பைட்டும் 7 பைட்டும். மொத்தம் 300 பைட், சுமார் 344 மில்லி விநாடி. அதன் மேல் 20 முறை கருவி யோசித்துப் பதில் தொடங்கும் இடைவெளி வேறு. ஒரு வயரில் முப்பது எனர்ஜி மீட்டர்கள் தொங்கினால் இந்த வித்தியாசம் திரையில் கண்ணுக்கே தெரியும். பதில் சொல்லாத ஒரு மீட்டர் நடுவில் இருந்தால், அதற்காக டைம்அவுட் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். வரிசை முழுவதும் மெதுவாக இருக்கிறது என்றால் முதலில் தேட வேண்டியது செத்துப்போன கருவியைத்தான்.

பேக்நெட் இதற்கு நேர் எதிரான எண்ணத்திலிருந்து பிறந்தது. ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசிப் பொறியாளர் அமைப்பின் குழு 1987-இல் வேலையைத் தொடங்கி 1995-இல் தரநிலையாக வெளியிட்டது. 2003-இல் ஐஎஸ்ஓ 16484-5 ஆகவும் ஆனது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கன்ட்ரோல் நிறுவனத்துக்கும் ஒரு ரகசிய மொழி. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க அவர்களிடமே போக வேண்டும். அதை உடைக்கத்தான் வெறும் எண்ணோடு அதன் பொருளையும் சேர்த்து அனுப்பும் வழியைக் கொண்டுவந்தார்கள்.

பேக்நெட்டில் எல்லாமே ஆப்ஜெக்ட். வெப்பநிலை சென்சார் ஒரு அனலாக் இன்புட் ஆப்ஜெக்ட். அதற்குள் பிராப்பர்ட்டிகள்: பெயர், இப்போதைய மதிப்பைச் சொல்லும் பிரசன்ட் வேல்யூ, அலகு, நம்பகத்தன்மை, அலாரத்தில் இருக்கிறதா என்ற நிலைக்கொடிகள். அலகே கூட வருவதால் 23.5 என்பது செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று ஊகிக்க வேண்டாம். கருவிகளைத் தேடிக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு: 'ஹூ-இஸ்' என்று கூவினால் ஒவ்வொன்றும் 'ஐ-ஆம்' என்று தன் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் எண்ணோடு பதில் தரும். இந்த எண் 0 முதல் 4194302 வரை இருக்கலாம். கட்டடம் முழுக்க, இணைந்திருக்கும் எல்லாக் கட்டடங்களிலும் சேர்த்து, ஒரே எண் இரண்டு கருவிகளுக்கு இருக்கக் கூடாது. இரண்டு ஒப்பந்தக்காரர்கள் தனித்தனியாக வேலை செய்து இருவரும் 1001-இல் தொடங்கினால் என்ன ஆகும்? இணைக்கும் நாளன்று ஒரு ஏஹெச்யூ (காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் இயந்திரம்) திரையில் இன்னொரு ஏஹெச்யூவின் மதிப்பு வரும். எண்களை முன்கூட்டியே பங்கு பிரித்து எழுதி வைப்பதை விடச் சிறந்த மருந்து இதற்கு இல்லை.

மதிப்பு மாறினால் மட்டும் சொல்லு என்று சந்தா கட்டும் வசதியும் உண்டு, சிஓவி என்பார்கள். எவ்வளவு மாறினால் சொல்ல வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வைக்கலாம். அதை மிகச் சிறியதாக வைத்து, 0.01 டிகிரி ஆடும் ஒவ்வொரு முறையும் செய்தி பறந்து நெட்வொர்க்கே திணறும் இடங்கள் உண்டு. சந்தாவுக்கு ஆயுளும் உண்டு; கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆனால் மறந்தும் போகலாம். அதனால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பேக்நெட்டில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆழமாகக் கற்க நேரம் இருக்கிறது என்றால் பிரையாரிட்டி அரேயைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஃபேனை இயக்கும் பைனரி அவுட்புட் ஆப்ஜெக்டுக்குக் கட்டளை ஒரே பெட்டியில் போய் விழுவதில்லை. 16 இருக்கைகள் கொண்ட வரிசை அது. 1 தான் உச்சம்: கையால் தரும் உயிர்காப்புக் கட்டளை. 2 தானியங்கி உயிர்காப்பு. 5 முக்கிய இயந்திரப் பாதுகாப்பு. 6 குறைந்தபட்ச இயக்க, நிறுத்த நேரம். 8 ஆபரேட்டர் கையால் தருவது. மீதியைத் திட்டத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம், கடைசி 16. எந்த இருக்கைகளில் கட்டளை இருக்கிறதோ அவற்றில் சிறிய எண்ணே ஜெயிக்கும். எல்லா இருக்கையும் காலியென்றால் ரிலிங்குவிஷ் டிஃபால்ட் என்ற மதிப்பு.

இனி ஒரு வழக்கமான புகார்: "ஷெட்யூல் வேலை செய்யவில்லை, ராத்திரி ஃபேன் நிற்க மாட்டேன் என்கிறது." திறந்து பாருங்கள். 16-இல் ஷெட்யூல் 'ஆஃப்' என்று எழுதித்தான் இருக்கும். ஆனால் 8-இல் 'ஆன்' உட்கார்ந்திருக்கும். என்றைக்கோ ஓர் ஆபரேட்டர் அறை சூடாக இருக்கிறது என்று திரையில் அழுத்தினார், போய்விட்டார், கட்டளை மட்டும் போகவில்லை. இப்போது பதறிப்போய் 8-இல் 'ஆஃப்' எழுதினால் ஃபேன் நிற்கும். காலையில் ஷெட்யூல் எவ்வளவு சொன்னாலும் ஓடாது. செய்ய வேண்டியது 8-ஐக் காலி செய்வது, அதாவது 'நல்' எழுதுவது. மென்பொருளில் இது ரிலீஸ், ஆட்டோ, ரிலிங்குவிஷ் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி என்று ஒரு நாள் ஒதுக்கினால் பாதி நாளை இதற்கே கொடுக்கலாம்.

கேட்வேக்களும் இதில் குறும்பு செய்யும். சில, நிமிடத்துக்கு ஒருமுறை தன் மதிப்பை 8-இல் எழுதிக்கொண்டே இருக்கும். நீங்கள் காலி செய்வீர்கள், அது நிரப்பும். எந்தக் கருவி எந்த இருக்கையில் எழுதலாம் என்று ஓர் அட்டவணை இல்லாத திட்டத்தில் இந்த இழுபறி ஓயாது. செட்பாயின்ட் போன்றவற்றுக்கான அனலாக் வேல்யூ ஆப்ஜெக்டுகளில் இந்த வரிசை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் கடைசியாக எழுதியவர் சொன்னதே சட்டம்.

எம்எஸ்/டிபிக்கு வருவோம். அதே ஆர்எஸ்-485 வயர், ஆனால் மோட்பஸ் மாதிரி ஒரே முதலாளி கிடையாது. டோக்கன் கைமாறிக்கொண்டே போகும். டோக்கன் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். மாஸ்டர் முகவரிகள் 0 முதல் 127 வரை. இந்த முகவரியும் டிவைஸ் இன்ஸ்டன்ஸும் வேறு வேறு. முகவரி அந்த ஒரு வயருக்குள் தனித்து இருந்தால் போதும். ஒவ்வொரு கருவியும் அவ்வப்போது தனக்கு அடுத்த முகவரிகளில் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று தேடும். எதுவரை தேடலாம் என்பதுதான் மேக்ஸ் மாஸ்டர் என்ற அமைப்பு. எல்லாவற்றிலும் அதை 30 என்று வைத்துவிட்டு, பிறகு ஒருவர் 45 என்ற முகவரியோடு புதுக் கன்ட்ரோலரை மாட்டினால் டோக்கன் அதனிடம் போகவே போகாது. ஹூ-இஸ் கேட்டாலும் 'நான் இருக்கிறேன்' என்று அதனால் சொல்ல முடியாது. வயரும் சரி, வேகமும் சரி, விளக்கும் மினுக்குகிறது, ஆனால் ஆள் இல்லை. முகவரிகளை இடைவெளி விடாமல் 1, 2, 3 என்று வைத்து, கடைசி முகவரிக்குக் கொஞ்சம் மேலே மேக்ஸ் மாஸ்டரை வைப்பது நல்ல பழக்கம். பாட் ரேட் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பேக்நெட்/ஐபி 1999-இல் சேர்ந்தது. யூடிபி போர்ட் 47808. இந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் பேக்நெட்டின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு சுழியும் வரும். பொறியாளர்களின் சின்னக் குறும்பு. இதில் பெரிய இடர் பிராட்காஸ்ட். ஹூ-இஸ் ஒரு கூவல். கூவல் ஐபி ரவுட்டரைத் தாண்டாது. கன்ட்ரோலர்கள் ஒரு சப்நெட்டிலும் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) சர்வர் இன்னொன்றிலும் இருந்தால் பிங் போகும், பேக்நெட் கருவிகள் தெரியாது. அங்கேதான் பிபிஎம்டி வேலை செய்கிறது: ஒவ்வொரு சப்நெட்டிலும் ஒன்று இருந்து, கூவலை வாங்கி மற்ற சப்நெட்டின் பிபிஎம்டிக்கு நேரடிச் செய்தியாக அனுப்பும். 'இன்னும் தெரியவில்லையே' என்று ஒரே சப்நெட்டில் இரண்டை இயக்கிவிட்டால் கூவல் இரட்டித்துச் சுற்றத் தொடங்கும். ஒரு சப்நெட்டுக்கு ஒன்று, எது என்று எழுதி வையுங்கள். ஐடி துறையோடு முதல் கூட்டத்தை வயர் போடுவதற்கு முன்பே வைத்துவிடுவது நல்லது. கட்டடம் முடிந்த பிறகு விலான் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்) கேட்டால் நியாயமாகவே கோபப்படுவார்கள்.

பாதுகாப்பும் இங்கேதான் வருகிறது. மோட்பஸ் டிசிபியிலும் சரி, சாதாரண பேக்நெட்/ஐபியிலும் சரி, நடைமுறையில் பூட்டு கிடையாது. அந்த நெட்வொர்க்கை எட்ட முடிந்தவர் எவரும் படிக்கலாம், எழுதலாம். எனவே இதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடவே கூடாது. 2019-இல் வந்த பேக்நெட்/எஸ்சி இதற்கான பதில்: டிஎல்எஸ் குறியாக்கம், சான்றிதழ், நடுவில் ஒரு ஹப், பிராட்காஸ்ட் தொல்லையும் பிபிஎம்டியும் அங்கே இல்லை. ஆனால் சான்றிதழ்கள் காலாவதியாகும். யார் புதுப்பிப்பது என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஒரு நாள் காலையில் கருவிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோகும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லான்வொர்க்ஸ் எஷெலான் நிறுவனத்தின் நியூரான் சிப்பை நம்பி வந்தது. ஒரு காலத்தில் பேக்நெட்டுக்குச் சரியான போட்டி. அளவுகளுக்கு எஸ்என்விடி என்ற பொதுவகைகளை வைத்திருந்தது நல்ல யோசனை. இன்று அதைப் பெரும்பாலும் பழைய கட்டடங்களில் பார்ப்பீர்கள். கேஎன்எக்ஸ் ஐரோப்பாவின் மூன்று பழைய முறைகள் 1999-இல் ஒன்றுசேர்ந்து பிறந்தது. அறை அளவில் சுவிட்ச், விளக்கு, திரைச்சீலைக்கு நேர்த்தியானது. எல்லா நிறுவனக் கருவியையும் இடிஎஸ் என்ற ஒரே மென்பொருளால் அமைக்கலாம். அந்த இடிஎஸ் ஃபைலைக் கைப்பற்றாமல் ஒப்பந்தக்காரரை அனுப்பிவிடாதீர்கள். டாலி விளக்குகளுக்கு மட்டும்: ஒரு லைனில் 64 முகவரி, 16 குழு, 16 காட்சி, வேகம் 1200 பிட். மின் பின்னணி உள்ளவர் கவனிக்க வேண்டியது: டாலி வயரை மெயின் வயரோடு ஒரே கேபிளில் எடுக்க அனுமதி உண்டு, அதனாலேயே அதைத் தொடக்கூடிய குறைமின்னழுத்தமாக எண்ணிக் கை வைக்கக் கூடாது. எம்-பஸ் தண்ணீர், வெப்ப மீட்டர்களுக்கானது. பெயர் ஒலித்தாலும் மோட்பஸ்ஸோடு அதற்கு உறவில்லை. எம்க்யூடிடி மேலே, தரவைக் கிளவுடுக்குக் கொண்டுபோகும் கட்டத்தில் வரும். ஃபேனை இயக்கும் கட்டத்தில் அதைத் தேட வேண்டாம்.

எது நல்லது என்ற கேள்விக்கு என் பதில்: மீட்டர்களுக்கு மோட்பஸ் போதும், மல்லுக்கட்ட வேண்டாம். ஏசி இயந்திரங்களுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் பேக்நெட். விளக்குக்கு டாலி, மேலே அதை பேக்நெட்டாக மாற்றித் தரும் ஒரு கேட்வே. ஒரே புரோட்டோகாலில் முழுக் கட்டடமும் என்று சொல்பவர் ஏதோ விற்கிறார். இதை விடப் பெரிய முடிவு, பாயின்ட் லிஸ்டை யார் எப்போது எழுதுவது என்பதே.

அப்புறம் உங்கள் சில்லர். 'பேக்நெட் சப்போர்ட்' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் விற்பனையாளர் தர வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு: பிக்ஸ். அந்தக் கருவி எந்த ஆப்ஜெக்ட் வகைகளை, எந்தச் சேவைகளை, எந்த வயர் வகையை ஆதரிக்கிறது என்று அதில் இருக்கும். பிப் என்ற பெயரில் சின்னச் சின்னத் திறன்களாகவும் பட்டியல் போட்டிருப்பார்கள். பிடிஎல் முத்திரை இருந்தால் சோதனைக்கூடத்தில் தேறியது என்று அர்த்தம். நல்லதுதான். ஆனால் இவையெல்லாம் கருவி பேக்நெட்டை ஒழுங்காகப் பேசும் என்று மட்டுமே சொல்கின்றன. கம்ப்ரசர் ஆம்பியரை வெளியே தருமா என்று சொல்வதில்லை. அதற்கு ஆப்ஜெக்ட் பட்டியலைத் தனியாகக் கேளுங்கள், படிக்க மட்டுமா, எழுதவும் முடியுமா என்ற பத்தியோடு. குளிர்நீர் செட்பாயின்ட்டை மாற்ற முடியுமா? ஸ்டார்ட் கட்டளை நெட்வொர்க் வழியா, வயர் வழியா? அலாரம் ஒரே எண்ணாக வந்தால் அந்த எண்களின் பொருள் அட்டவணை எங்கே? பேக்நெட் கார்டு இயந்திரத்திலேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டிய ஆப்ஷனா? எம்எஸ்/டிபியா ஐபியா? உங்கள் கதையில் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்: கார்டு ஆர்டரில் சேரவில்லை, அல்லது கார்டு எம்எஸ்/டிபி, பிஎம்எஸ் பக்கம் ஐபி மட்டும். முதலாவது என்றால் கார்டை வாங்குவதே கேட்வேயை விடச் சுத்தமான வழி. இரண்டாவது என்றால் ரவுட்டர் போதும்.

கேட்வேதான் வழி என்று முடிவானால், ஒப்படைக்கும் நாளன்று ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கேட்வேக்கும் சில்லருக்கும் இடையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு பிஎம்எஸ் திரையைப் பாருங்கள். பல கேட்வேக்கள் கடைசியாகக் கிடைத்த மதிப்பையே அசையாமல் காட்டிக்கொண்டிருக்கும். குளிர்நீர் 7.0 டிகிரி, நிலை நன்று, அலாரம் இல்லை. உள்ளே சில்லர் நின்று அரைமணி ஆகியிருக்கலாம். தொடர்பு போனால் ஆப்ஜெக்டின் நம்பகத்தன்மைப் பிராப்பர்ட்டி மாற வேண்டும், திரையில் மதிப்பு நிறம் மாற வேண்டும், அலாரம் வர வேண்டும். இந்த மூன்றும் நடக்கவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்வே அமைப்பில் மாற்றச் சொல்லுங்கள். அதில் வழியே இல்லையென்றால், சில்லரிலிருந்து இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும் ஏதாவது ஒரு மதிப்பை, இயங்கிய விநாடிகளின் எண்ணிக்கை போன்ற ஒன்றை, இழுத்து வந்து, அது குறிப்பிட்ட நேரம் மாறாமல் நின்றால் அலாரம் தரும்படி உங்கள் கன்ட்ரோலரில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.